யாழ்ப்பாணத்தில் வர்ணக் கல்: எதில் தீட்டுவது, எங்கே வைப்பது, எப்படிப் பின்தொடர்வது?

சிறு கற்களில் படம் தீட்டிப் பொது இடங்களில் வைப்பதும், கண்டெடுத்தவர் அதைப் படம்பிடித்துத் தெரிவித்துவிட்டு வேறோர் இடத்தில் மீண்டும் வைப்பதுமான பொழுதுபோக்கு, கடந்த பத்தாண்டுகளில் பல நாடுகளில் பரவியிருக்கிறது. 2015 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கேப் கொட் கடற்கரையில் மேகன் மர்பி என்ற பெண் ஆறுதல் வார்த்தைகளைக் கற்களில் எழுதி விட்டுச் சென்றது அதன் அறியப்பட்ட தொடக்கங்களுள் ஒன்று. 2020 இல் கொரோனா முடக்கத்தின்போது பிரித்தானிய ஊர்களில், வீட்டுக்கு ஒரு கல்லாகச் சேர்த்து, பாதையோரங்களில் நீண்ட பாம்பு உருவங்களை அமைத்தார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளரும் நம் உறவுப் பிள்ளைகள் இதை அங்கே பழகிவிட்டு, விடுமுறைக்கு வரும்போது இங்கேயும் செய்யலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம் என்பது மட்டுமல்ல, ஊர்தோறும் செய்ய வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் அங்குள்ள முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கல், வர்ணம், வைக்கும் விதம், பின்தொடரும் முறை ஆகிய நான்கிலும் நம் நிலத்துக்கு ஏற்ற தெரிவு வேறாக இருக்கிறது. அவற்றுள் மூன்றாவது, பிள்ளைகளின் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையது.

முதலில் கல். வெளிநாட்டுப் படங்களில் காணும் வழவழப்பான உருண்டைக் கற்கள் ஆற்று நீரோ கடலலையோ நெடுங்காலம் உருட்டித் தேய்த்தவை. குடாநாட்டில் அப்படிக் கல்லை உருட்டும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடுவது. நம் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். 1950 இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்ததும் இந்தக் கல்லை நம்பித்தான். வேலியோரத்திலும் கிணறு வெட்டிய மண்மேட்டிலும் அது இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் எல்லோருடைய கையும் முதலில் அதைத்தான் நாடும். ஒரு துண்டை எடுத்து அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: சொட்டு நிற்பதற்குள் கல் அதைக் குடித்துவிடும், ஈரத்தின் கருமையான வட்டம் மட்டும் மிஞ்சும். வர்ணத்தையும் அது அப்படியே குடிக்கும். முதல் பூச்சு மங்கிப்போக, இரண்டாவதும் மூன்றாவதும் தேவைப்படும். மேற்பரப்பின் குழிகளில் தூரிகையின் நுனி சிக்கி மெல்லிய கோடுகள் உடையும். வெள்ளை எமல்ஷனைத் தண்ணீர் கலந்து ஒருமுறை பூசிக் காயவிட்டால் இந்தக் குறை பெருமளவு தீரும். கடலோரத்தில் பொறுக்கிய கல்லென்றால் வேறொரு தொல்லை உண்டு. உள்ளே தங்கிய உப்பு, ஈரம் காயும்போது வெளியே வந்து வர்ணத்தைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். மழைநீரில் சில நாட்கள் ஊறவைத்து, இடையில் நீரை மாற்றி, வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே அதைத் தொட வேண்டும்.

பவளப்பாறையிலிருந்து கிடைக்கும் முருகைக்கல்லைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. நெடுந்தீவின் மதில்களில் அடுக்கியிருக்கும் அந்தக் கல்லின் அழகு எவருக்கும் ஆசையூட்டும் என்றாலும், கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதைச் சட்டம் தடைசெய்கிறது. இருக்கும் மதிலிலிருந்து ஒன்றை உருவுவது அந்தத் தீவின் மரபை உடைப்பது. எனவே அதை விட்டுவிடுவோம்.

வன்னியிலிருந்து கட்டட வேலைக்கு வரும் கருங்கல் சல்லி, சுண்ணாம்புக்கல்லுக்கு நேர் எதிரான குணம் உடையது. தண்ணீர் அதன்மேல் முத்தாக நிற்கும். நிறங்கள் கலங்காமல் பளிச்சென்று தெரியும். ஆனால் பிடிமானம் குறைவு. தூசியும் எண்ணெயும் போகக் கழுவாத கல்லில் வர்ணம் நகத்தின் கீறலுக்கே தோலாக உரிந்து வந்துவிடும். உடைத்த கல்லாகையால் விளிம்புகள் கூர்மையானவை, தட்டையான முகம் கிடைப்பதும் அரிது. மீன்தொட்டிக் கடைகளிலும் பூச்சாடிக் கடைகளிலும் விற்கும் வெள்ளைக் கூழாங்கல் இந்தக் குறைகள் இல்லாதது என்றாலும், காசு கொடுத்து வாங்கிய கல்லை வீதியில் விட்டுச் செல்ல எல்லாப் பிள்ளைகளாலும் முடியாது. பணமுள்ள வீட்டுப் பிள்ளையின் கல் மட்டும் அழகாக இருக்கும் விளையாட்டை ஊர் விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் தெரிவு பழைய ஓட்டுத் துண்டு. நாற்சார வீடுகள் இடிக்கப்படும் இடங்களிலும், கூரை மாற்றிய வளவுகளின் மூலைகளிலும் அது குவிந்து கிடக்கிறது. சுட்ட மண்ணாகையால் வர்ணத்தை அளவாக உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதன் செம்மை தானே ஒரு நல்ல அடிநிறம். உள்ளங்கை அளவான துண்டைத் தேர்ந்து, விளிம்புகளைச் சீமெந்துப் படியில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால், சற்று நேரத்தில் கூர் மழுங்கி, கையில் வைத்து உருட்டத் தோன்றும் வழவழப்பு வந்துவிடும். கருமையாகப் படிந்திருக்கும் பாசியைத் தும்புத் தூரிகையால் உரசிக் கழுவ வேண்டும். விழுந்தால் உடையும் என்பது அதன் ஒரே பெரிய குறை. ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: உடைந்த அஸ்பெஸ்ரஸ் சீற் துண்டும் தட்டையாகவே இருக்கும், எளிதில் கிடைக்கும்; அதை ஒருபோதும் தொடக்கூடாது. தேய்க்கும்போது எழும் தூசியிலுள்ள நார்கள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுசெல்லக் கூடியவை.

வர்ணத்தில் போட்டி அக்ரிலிக்குக்கும் எனாமலுக்கும் இடையில்தான். பாடசாலைப் பிள்ளைகளின் போஸ்டர் கலர் முதல் மழையிலேயே கரைந்துவிடும் என்பதால் வெளியில் வைக்கும் கல்லுக்கு உதவாது. கேற்றுக்கும் யன்னல் கம்பிக்கும் அடித்து மிஞ்சிய எனாமல் தகரம் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் இருக்கிறது. மழைக்கு நன்றாகத் தாங்கும். ஆயினும் அதன் கரைப்பானின் ஆவி சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. தூரிகை கழுவவும் ரேப்பன்ரைன் வேண்டும். சுண்ணாம்பு அடித்த மதிலில் இருந்து பெயர்ந்த கல்லில் பூசினால் காரத்தோடு வினைபுரிந்து எண்ணெய்ப்பூச்சு பிசுபிசுத்துக் கழன்றுவிடும். இலங்கையில் வர்ணங்களின் ஈய அளவுக்குச் சட்ட வரம்பு வந்தது 2010களின் தொடக்கத்தில்தான். அதற்கு முந்திய பழைய தகரங்களைப் பிள்ளைகளின் கைக்குக் கொடுக்கவே கூடாது. அக்ரிலிக் ஈரமாக இருக்கும்வரை தண்ணீரிலேயே கழுவலாம், காய்ந்தபின் நீரில் கரையாது. விலை கூடுதல் என்பது உண்மை. ஆனால் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய ஐந்து குழாய்களை ஒரு குழுவாக வாங்கினால் நெடுநாள் போதும். நம் வெயிலில் மின்னும் வகை இளஞ்சிவப்பும் பச்சையும்தான் முதலில் வெளுக்கும். காவியும் மஞ்சள் காவியும் போன்ற இரும்பு சார்ந்த நிறங்கள் மிக நீண்ட காலம் நிற்கும். கோயில் மதிலின் காவிப்பட்டை எத்தனை கோடையைத் தாண்டியும் காவியாகவே இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இனி, ஒளிப்பதா, வெளிப்பட வைப்பதா என்ற கேள்வி. வேறு நாடுகளில் ஒளிப்பதுதான் இந்த விளையாட்டின் சுவை: பற்றைக்குள், மர வேருக்கு அடியில், சுவரின் பொந்தில். இங்கே நம் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலும் வீட்டிலும் நாம் சொல்லி வளர்த்தது இதற்கு நேர்மாறானது. வழக்கத்துக்கு மாறான எதையும் தொடாதே, பற்றைக்குள் கை விடாதே, பெரியவரிடம் சொல் என்பது மிதிவெடி விழிப்புணர்வின் முதல் வாசகம். மிதிவெடி அகற்றும் நிறுவனமான ஹலோ ட்ரஸ்ட் 2002 இலிருந்து வடக்கில் வெடிபொருள் அகற்றி வருகிறது. இலங்கை 2017 இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஆயினும் குடாநாட்டின் கழுத்தான முகமாலைப் பக்கத்தில் அந்த வேலை மிக நீண்ட காலம் தொடர வேண்டியிருந்தது. துப்புரவாக்கப்பட்ட ஊர்களிலும் வளவு கொத்தும்போது பழைய வெடிபொருள் வெளிப்படும் செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். ஒரு சிறுவன் பூங்காப் புல்லில் பளபளப்பான ஒன்றைக் கண்டு, குனிந்தவன் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தாயைக் கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அனிச்சையான தயக்கம் விலைமதிப்பற்றது. அதைக் கரைக்கும் எந்த விளையாட்டையும், அது எவ்வளவு அழகானதாக இருந்தாலும், நான் ஆதரிக்க மாட்டேன்.

மேலும், வர்ணக் கல்லுக்கே உலகில் வேறொரு பொருள் உண்டு. ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளில் சிவப்புப் பூசிய கல் வெடி அபாயமுள்ள பக்கத்தையும், வெள்ளைக் கல் துப்புரவான பக்கத்தையும் காட்டுவது வழக்கம். நம்மிடத்திலும் மண்டையோட்டுச் சின்னமுள்ள சிவப்புப் பலகைகளை மறந்தவர் இல்லை. ஆகவே முழுச் சிவப்புக் கல்லையும், சிவப்பு வெள்ளை இரண்டு மட்டுமே உள்ள கல்லையும் தவிர்க்க வேண்டும்; உருண்டையாகவோ குழாய் வடிவிலோ உள்ள எதையும் பயன்படுத்தக் கூடாது. ஓட்டுத் துண்டை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்: தட்டையான ஓட்டில் தீட்டிய படத்தைத் தூரத்திலிருந்தே படம் என்று அடையாளம் காணலாம்.

அப்படியானால் தேடும் இன்பம் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். இதற்கு விடை, கையால் தேடுவதைக் கண்ணால் தேடுவதாக மாற்றுவது. கல் எப்போதும் திறந்த இடத்தில், கையை எதற்குள்ளும் நுழைக்காமல் எடுக்கும்படி இருக்க வேண்டும். சவால் அதைப் புரிந்துகொள்வதில் இருக்கட்டும். ஒரு துண்டில் மயிலின் தலையும் வேறோர் இடத்தில் தோகையும் இருக்கலாம். ஒன்றின் பின்புறத்தில் உள்ள விடுகதை அடுத்த கல் இருக்கும் வாங்கைச் சொல்லலாம். இந்த முறையில் எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுத் தாத்தாவும் ஒரே புதிருக்குள் இருக்கலாம். பற்றைக்குள் ஒளிக்கும் முறையில் தாத்தாவுக்கு இடமே இல்லை. பாழ்கிணறும் பாம்பும் உள்ள ஊரில், பற்றைக்குள் போகத் தேவையில்லை என்பது மற்றொரு நன்மை.

இடங்களைப் பொறுத்தவரை, சுப்பிரமணியம் பூங்காவும் அனுமதி பெற்ற பாடசாலை வளவுகளும் முதன்மையானவை. கோட்டை தொல்பொருட் சின்னம். அதன் பழைய கல்லோடு நம் கல் கலக்கக் கூடாது. கசூரினாக் கடற்கரையில் மணலும் அலையும் கல்லை விழுங்கிவிடும். கோயில் வீதியையும், குறிப்பாகச் சூலம் நட்ட மரத்தடியையும் தவிர்க்க வேண்டும். வைரவருக்கு உரிய இடத்தில் நிறம் பூசிய கல்லை வைப்பது வழிபடுவோரின் மனத்தைக் குழப்பும். ஆளில்லாத வளவுகள், படைமுகாம் வேலியோரம், தொடருந்துப் பாதை ஆகியவை பேச்சுக்கே இடமில்லாதவை.

பின்தொடரும் முறைகளில் முகநூல் குழுதான் பரவலானது. ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா தன் மகள் தீட்டிய கல் கோண்டாவிலில் கிடைத்ததை அன்றே பார்க்கலாம் என்பது அதன் பெருஞ்சிறப்பு. முகநூல் வைத்திருக்காத பிள்ளைகளும் முதியவர்களும் வெளியே நிற்பார்கள் என்பது அதன் குறை. வட்ஸ்அப் குழு எளிது, ஆனால் சேர்பவர் அனைவரின் தொலைபேசி இலக்கமும் முன்பின் அறியாதவர்களுக்குத் தெரியவரும். பிள்ளைகள் உள்ள விளையாட்டில் அதை ஏற்க முடியாது. ஒளித்துவைத்த பொருளை ஜிபிஎஸ் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் ஜியோகாஷிங் விளையாட்டில், கைமாறிப் பயணிக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் குறியீடு உண்டு. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையின் செயற்கைப் பிழையை நீக்கிய மறுநாளே ஓரிகனில் தொடங்கிய விளையாட்டு அது. நாடுவிட்டு நாடு செல்லும் கல்லின் பயணத்தைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் குறியீட்டைக் காசுக்கு வாங்க வேண்டும், கண்டெடுப்பவரும் அந்தத் தளத்தை அறிந்திருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் முன்வைப்பது சனசமூக நிலையத்தின் கொப்பி. பத்திரிகை வாசிக்க ஆட்கள் கூடும் அந்த மேசையில் ஒரு தடித்த கோடுபோட்ட கொப்பி இருக்கட்டும். கல்லின் பின்புறத்தில் நிலையத்தின் பெயரும் ஓர் எண்ணும் மட்டும், எவருடைய தனிப்பட்ட இலக்கமும் இல்லாமல். கண்டவர் வந்து எண், இடம், திகதி, ஒரு வரி ஆகியவற்றை எழுதிவிட்டுப் போவார். பெரியவர் ஒருவர் வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து முகநூல் குழுவில் இட்டால், புலம்பெயர்ந்தோருக்கும் செய்தி போய்ச் சேரும். இதில் வேகம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். கல்லைக் கண்டவர் நிலையத்துக்கு நடந்து வந்து, அங்கிருப்பவரோடு நாலு வார்த்தை பேசுவது வேறெந்த முறையிலும் நடக்காது.

தொடங்கத் தை மாதம் நல்லது. மாரி மழை ஓய்ந்து, கல்லும் ஓடும் உலர வெயில் கிடைக்கும். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருவோர் ஆளுக்கொரு கல்லை எண்ணோடு பதிந்து எடுத்துச் செல்லலாம். ஐப்பசி பிறக்குமுன் வெளியே எஞ்சியவற்றைத் திரட்டி, கொப்பியில் ‘திரும்பியது’ என்று குறித்து, வர்ணம் உரிந்தவற்றைச் சுரண்டி அடுத்த தைக்கு அடுக்கி வைக்க வேண்டும். உரிந்த அக்ரிலிக் செதில்கள் மழைவெள்ளத்தோடு கடனீரேரிக்குப் போகவிடக் கூடாது.