கேசட் பெட்டி, பழைய லேப்டாப், நான்கு கன்வெர்ட்டர்கள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கமெல்லாம் பழைய கேசட் பெட்டியைத் தூக்கிப் போட மனம் வராத வீடுகள் இன்னும் இருக்கின்றன. விடிய விடியப் பாடிய கானா, தேவாலயப் பாடகர் குழு, கல்யாண நாதஸ்வரம் என்று எதுவும் அந்தப் பெட்டிக்குள் இருக்கலாம். அவற்றைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும் வேலையை எப்படியோ முடித்துவிடுகிறார்கள். அதன்பிறகு ஃபோல்டர் நிறைய வேவ் கோப்புகள், அதாவது சுருக்கப்படாத ஒலி. மொத்தத்தையும் எம்பி3 ஆக்கிப் பென் டிரைவில் போடும்போதுதான், மாலையில் தொடங்கியது விடிந்தும் முடியவில்லை என்ற புலம்பல் வருகிறது. கூடவே கேள்வி: "அண்ணா, இதைவிட வேகமான சாஃப்ட்வேர் எது?"

சாஃப்ட்வேரை மாற்றும் முன்பு, எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கச் சொல்வது என் வழக்கம். இலவச மாற்றிகளில் பெரும்பாலானவை எம்பி3க்கு லேம் என்ற ஒரே என்ஜினைத்தான் உள்ளே வைத்திருக்கின்றன. 1998இல் தொடங்கிய திட்டம் அது, அதன் 3.100 பதிப்பு 2017இல் வந்தது. ஒரே அமைப்பைக் கொடுத்தால் ஒலித்தரத்தில் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்காது. அந்த என்ஜினுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் விதத்தில்தான் இவை ஒன்றோடொன்று மோதுகின்றன.

முதலில் சுமையின் அளவு. சிடி தரத்தில் பதிந்த வேவ் கோப்பு வினாடிக்கு 176 கிலோபைட் சாப்பிடும். 60 நிமிடக் கேசட் என்றால் சுமார் 635 எம்பி. 90 நிமிடக் கேசட் 950 எம்பியைத் தொடும். அதே 60 நிமிடம் 128 கேபிபிஎஸ் எம்பி3யில் 58 எம்பிக்குள் அடங்கிவிடும். ஆக, படிப்பதுதான் பெரிய வேலை, எழுதுவது சிறிய வேலை. வேவ் கோப்புகள் யுஎஸ்பி 2.0 வழியாக இணைத்த பழைய வெளி ஹார்ட் டிஸ்கில் இருந்தால், வினாடிக்கு 30, 35 எம்பிக்கு மேல் வராது. எந்தக் கன்வெர்ட்டராலும் அந்தக் குழாயைப் பெரிதாக்க முடியாது.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு, சிபியு 15, 20இல் படுத்திருந்தால் கோளாறு டிஸ்கில். நான்கு கோர் (சிபியுவுக்குள் தனித்தனியாக உழைக்கும் பகுதி) உள்ள இயந்திரத்தில் சிபியு 25 சதவீதத்தை ஒட்டியே நின்றால், ஒரே ஒரு கோர் உழைக்கிறது, மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கின்றன என்று பொருள். எல்லாக் கோர்களும் 100 சதவீதத்தில் ஓடினால் உங்கள் இயந்திரம் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

இரண்டாவது நிலைதான் மிகுதியாகக் காணக் கிடைப்பது. லேம் ஒரு கோப்பை ஒரே கோரில்தான் சுருக்கும். இங்கேதான் போட்டி தொடங்குகிறது.

அடாசிட்டியை முதலில் ஒதுக்கிவிடலாம், ஏனென்றால் பலரும் தொடங்குவது அதில்தான். பதிவு செய்ததும் அதில்தான், ஆகவே மாற்றுவதும் அதிலேயே இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள். அதன் மேக்ரோ வசதி பல கோப்புகளை வரிசையாக எடுத்துக்கொள்ளும், உண்மை. ஆனால் ஒவ்வொன்றையும் திறந்து, வழக்கமான அமைப்பில் 16 பிட் ஒலியை 32 பிட் வடிவத்துக்கு மாற்றித் தன் தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு அங்கிருந்து படித்து ஏற்றுமதி செய்யும். 635 எம்பி கேசட் இப்படி 1.27 ஜிபி ஆகி, பெரும்பாலும் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் சி டிரைவில் போய் விழும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. டேப்பின் 'உஸ்' இரைச்சலை நீக்க வேண்டும், முன்னும் பின்னும் வெட்ட வேண்டும் என்றால் அடாசிட்டிக்கு ஈடு இல்லை. வெறும் வடிவமாற்றத்துக்கு அதைப் பிடிப்பது, தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரம் போகத் தாம்பரம் சுற்றுவது போல.

ஃபூபார்2000 என்றால் பாட்டுக் கேட்கும் பிளேயர் என்றுதான் பலருக்குத் தெரியும். உள்ளே இருக்கும் கன்வெர்ட்டரைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. இலவச என்கோடர் தொகுப்பைத் தனியாக நிறுவினால் போதும். நான்கு கோர் இருந்தால் நான்கு கோப்புகளை ஒரே நேரத்தில் ஓட்டும். கேசட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிக் கோப்பாக வைத்திருப்பவர்களுக்கு இதுவே போதும், வேறெதையும் தேட வேண்டியதில்லை. தமிழ்க் கோப்புப் பெயர்களிலும் தகராறு செய்வதில்லை. என் ஓட்டு இதற்கே.

ஃப்ரீஏசி இன்னொரு நிலையில் முந்துகிறது. இரவு முழுக்கப் பாடிய கானாவை ஆறு மணி நேர ஒற்றைக் கோப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபூபாரில் அந்தக் கோப்புக்கு ஒரு கோர்தான். ஃப்ரீஏசியின் 1.1 பதிப்பு முதல் உள்ள 'சூப்பர்ஃபாஸ்ட்' முறை ஒரே கோப்பைத் துண்டுகளாக்கிப் பல கோர்களுக்குப் பங்கிட்டுவிட்டு, கடைசியில் சேர்த்துக் கொடுத்துவிடும். எம்பி3 மட்டுமல்ல, ஓபஸ் என்ற இன்னொரு ஒலி வடிவத்துக்கும் இந்த வசதி உண்டு. முகப்பு கொஞ்சம் பழைய வாடை அடிக்கிறது; அதனால் வேகம் குறையவில்லை.

கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்டும் எஃப்எஃப்எம்பெக் பற்றி இணையத்தில் படித்துவிட்டு, அதுதான் எல்லாவற்றையும்விட வேகம் என்று நம்புகிறவர்கள் உண்டு. வழக்கமாகச் சொல்லித்தரும் கட்டளைச் சுழற்சி கோப்புகளை ஒவ்வொன்றாகத்தான் எடுக்கும். லினக்ஸில் எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளையோடு இணைத்தால் ஒரே நேரத்தில் பல ஓடும். விண்டோஸில் எளிய வழி, கோப்புகளை நான்கு ஃபோல்டர்களாகப் பிரித்து நான்கு சாளரங்களில் ஓட்டுவது. கருப்புத் திரையில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது எழுத்துருவின் குறை.

அது வெல்லும் இடம் வேறு. மேடைக் கானாவை போனில் வீடியோ எடுத்திருக்கிறீர்கள், பாட்டு மட்டும் வேண்டும். பெரும்பாலான போன் வீடியோக்களுக்குள் ஒலி ஏற்கெனவே ஏஏசி வடிவத்தில் சுருக்கப்பட்டே இருக்கும். அதைப் பிரித்து மறுபடி எம்பி3 ஆக்கினால் நேரமும் போகும், தரமும் ஒரு படி இறங்கும். எஃப்எஃப்எம்பெக்கில் 'காப்பி' என்று சொன்னால், ஒலியைத் தொடாமல் அப்படியே உருவி எடுத்து எம்4ஏ கோப்பாகக் கொடுத்துவிடும். ஒரு மணி நேர வீடியோ சில வினாடிகளில் முடியும். இதை விஞ்சும் வேகம் எதற்கும் கிடையாது, ஏனென்றால் மாற்றமே நடக்கவில்லை. தவிர, அது ஓடும்போது 'ஸ்பீடு' என்று ஓர் எண்ணைக் காட்டும். 40 என்றால் ஒரு மணி நேர ஒலி ஒன்றரை நிமிடத்தில் முடியும். டிஸ்கை மாற்றினேன், அமைப்பை மாற்றினேன் என்பதெல்லாம் பலன் தந்ததா என்று பார்க்க அந்த எண்ணே போதும்.

அதே எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு குழியும் இருக்கிறது. எல்லாப் பாட்டும் ஒரே சத்த அளவில் கேட்க வேண்டும் என்று 'லவுட்நார்ம்' வடிகட்டியைச் சேர்த்துவிடுகிறார்கள். உச்சங்களைக் கண்டுபிடிக்க அது ஒலியை 192 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்திக் கணக்குப் போடும், சிடி தரத்தின் 44.1 எங்கே, 192 எங்கே. வேகம் சரியும். வெளியீட்டு அளவைச் சொல்லாமல் விட்டால் கோப்பும் உயர்ந்த அளவிலேயே வந்து நிற்கக்கூடும். ஃபூபாரில் உள்ள ரீப்ளேகெயின், சத்த அளவைக் கணக்கிட்டுக் கோப்பின் குறிப்பில் மட்டும் எழுதிவைக்கும். ஒலியை மறுபடி சுருக்காது. கேட்கும் கருவி அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

ஆன்லைன் கன்வெர்ட்டர்களைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இருபது கேசட் என்றால் 12 ஜிபிக்கு மேல் ஏற்றியாக வேண்டும். விஎல்சி பிளேயரும் மாற்றும், வரிசையில் ஒவ்வொன்றாக.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சில முட்டுக்கட்டைகள் பொது. படிக்கும் டிஸ்கும் எழுதும் டிஸ்கும் ஒன்றாக, அதுவும் சுழலும் ஹார்ட் டிஸ்காக இருந்தால், நான்கு கோப்புகளை ஒன்றாக ஓட்டும்போது அதன் முள் அங்கும் இங்கும் தாவியே களைத்துவிடும். அங்கே இரண்டாகக் குறைத்தால் வேகம் கூடும். ஒன்டிரைவ் ஃபோல்டரில் கிடக்கும் கோப்புகள் உண்மையில் இயந்திரத்தில் இல்லாமல், திறக்கும்போதுதான் இறங்கிக்கொண்டிருக்கலாம். வைரஸ் தடுப்பு ஒவ்வொரு கோப்பையும் சோதிக்கும். வேலை நடக்கும் ஃபோல்டரை மட்டும் விலக்கி வையுங்கள், வெளியிலிருந்து வந்த பென் டிரைவை ஒருபோதும் விலக்காதீர்கள்.

முதல் சில கோப்புகள் பறந்து, பிறகு நொண்டினால் சூட்டைச் சந்தேகியுங்கள். மே மாத மதியத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மெத்தைமேல் வைத்த லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் கிகாஹெர்ட்ஸ் எண் இறங்குவதைப் பார்க்கலாம். மேசைமேல் வைத்து, சார்ஜரைச் செருகி, இரவில் ஓட்டுங்கள்.

இரவில் ஓட்டினால் மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாட்டரி செத்த லேப்டாப் நடுவில் அணைந்தால், அந்த நேரத்தில் ஓடிய கோப்புகள் அரைகுறையாக நிற்கும். எம்பி3 பாதியில் நின்றாலும் பாடும், ஆகவே கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. எஃப்எஃப்எம்பெக்கிடம் ஏற்கெனவே இருப்பதைத் தாண்டிப் போகச் சொல்லியிருந்தால், அரைக் கோப்பையும் முடிந்தது என்று எண்ணித் தாண்டிவிடும். மறுபடி தொடங்கும் முன்பு வெளியீட்டு ஃபோல்டரைத் தேதி வாரியாக அடுக்கி, கடைசியாக எழுதப்பட்ட நான்கைந்து கோப்புகளை அழித்துவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் ஃபூபாரில் பழைய, புதிய பட்டியல்களின் மொத்த நேரத்தை ஒப்பிடுங்கள். வினாடிக் கணக்கில் வித்தியாசம் வந்தால் பரவாயில்லை, நிமிடக் கணக்கில் வந்தால் வேவ் கோப்புகளை அழிக்காதீர்கள்.