பாயின்ட் பிளசன்ட் மாத்மேன் சுற்றுலா: இருட்டில் சிறப்பு, கனவுகளில் சறுக்கல்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஒஹையோ ஆறும் கனாவா ஆறும் கூடும் இடத்தில் இருக்கிறது பாயின்ட் பிளசன்ட் என்னும் சிற்றூர். 1966 நவம்பர் முதல் ஓராண்டுக்கு மேலாக, சிவந்து ஒளிரும் கண்களும் பெரிய சிறகுகளும் கொண்ட ஆளுயர உருவம் ஒன்றைக் கண்டதாக இங்கே பலர் சொன்னார்கள். செய்தித்தாள்கள் அதற்கு மாத்மேன் (அந்துப்பூச்சி மனிதன்) என்று பெயரிட்டன. அந்த உருவத்தின் பெயரால் மாலை வேளையில் நடத்தப்படும் ஒரு வழிகாட்டிச் சுற்றுலாவைப் பற்றியதே இந்த மதிப்புரை. நடத்துபவர்களின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் குறை அவர்களுக்கு மட்டும் உரியதன்று. இந்தக் கதையைச் சொல்பவர்களில் பலரிடமும் காணப்படுவது.

சுற்றுலாவின் விளம்பரம் மூன்று விஷயங்களை உறுதியளிக்கிறது: நேரில் கண்டவர்களின் சாட்சியம், முன்கூட்டியே வந்த கனவுகள், விளக்க முடியாத தற்செயல்கள். முதலாவதை அருமையாகத் தருகிறார்கள். மற்ற இரண்டையும் தரும் விதத்தில்தான் எனக்கு மாறுபாடு.

முதன்மைத் தெருவில் நிற்கும் எஃகுச் சிலையின் அருகே கூட்டம் சேர்கிறது. பாப் ரோச் என்ற சிற்பி செய்த இச்சிலை 2003இல் நிறுவப்பட்டது. பளபளக்கும் உடலும் விரிந்த சிறகுகளும் சிவப்புக் கண்களுமாக அது படம் எடுத்துக்கொள்வதற்கு ஏற்றது என்பதைத் தவிர அங்கே நின்று கேட்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வழிகாட்டியும் அதை உணர்ந்தவர்போல விரைவாகவே நகர்த்திச் செல்கிறார். அதன்பின் ஆற்றங்கரையில் பால விபத்தின் நினைவிடம், பிறகு வேனில் ஊருக்கு வடக்கே சில மைல் தள்ளியுள்ள டி.என்.டி. பகுதி என்று பயணம் தொடர்கிறது.

இந்த டி.என்.டி. பகுதியைக் காண்பதற்காகவே பணம் கொடுக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது வெடிமருந்து தயாரித்த தொழிற்சாலை இருந்த நிலம் அது. இப்போது மெக்ளின்டிக் வனவிலங்குப் பகுதியாக இருக்கிறது. வெடிமருந்தைச் சேமிப்பதற்காகக் கட்டப்பட்ட கான்கிரீட் குவிமாட அறைகள் மண்ணும் புல்லும் போர்த்திக்கொண்டு காட்டுக்குள் மேடுமேடாகக் கிடக்கின்றன. 1966 நவம்பர் 15 இரவு காரில் வந்த இரண்டு இளம் தம்பதியர், இவ்வூரில் முதன்முதலாக, அந்த உருவத்தைக் கண்டதாகச் சொன்னது இங்கிருந்த பழைய மின்நிலையக் கட்டடத்தின் அருகில்தான். கட்டடம் பின்னாளில் இடிக்கப்பட்டுவிட்டதால், வழிகாட்டி நம்மைத் திறந்திருக்கும் ஒரு குவிமாட அறைக்குள் அழைத்துச்சென்று, எல்லா டார்ச்களையும் அணைக்கச் சொல்லிவிட்டு, அந்த இரவைப் பற்றி மறுநாளே வெளியான செய்தியின் சாரத்தைத் தாழ்ந்த குரலில் சொல்கிறார். அந்த அறையில் ஒரு செருமல்கூடச் சுவர்களைச் சுற்றிவந்து நம் பிடரியில் விழுகிறது. நாடகத் தன்மை சற்றுக் கூடுதல்தான் என்றாலும், எதையும் கூட்டிச் சொல்லாமல் அந்த நால்வரும் சொன்னதை மட்டும் சொல்லும் நேர்மை அந்தப் பகுதியில் இருக்கிறது.

அதைவிடச் சிறந்தது அடுத்து நடப்பது. வெளியே வந்ததும் தூரத்து மரங்களின் பக்கம் டார்ச்சைத் திருப்பச் சொல்கிறார். இரண்டு சிவப்புப் புள்ளிகள் சட்டென்று எரிகின்றன. அவை சைக்கிளில் பொருத்தும் பிரதிபலிப்பான்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி என்று மட்டும் கேட்கிறார். என் பக்கத்தில் நின்ற முதியவர் ஆளுயரம் என்றார். அவருடைய மகள் அதில் பாதிதான் இருக்கும் என்றார். வேறொருவர் மரக்கிளை உயரம் என்று அடித்துச் சொன்னார். அருகில் போய்ப் பார்த்தபோது அவை ஒரு வேலிக்கம்பத்தில், என் இடுப்பு உயரத்தில் கட்டப்பட்டிருந்தன. கண்டவர்கள் பொய் சொன்னார்கள் என்று எவரையும் குறைசொல்லாமல், இருட்டில் ஒளிரும் கண்ணை வைத்து உடலின் அளவைக் கணிப்பது எவ்வளவு கடினம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அந்த உருவம் ஆந்தையாக இருக்கலாம் என்று ஆய்வாளர் ஜோ நிக்கல் சொன்னதையும், கண்ணைச் சுற்றிச் சிவப்புத் திட்டு உள்ள, கிட்டத்தட்ட ஆளுயரம் நிற்கும் சாண்ட்ஹில் கொக்காக இருக்கலாம் என்று மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக உயிரியலாளர் ராபர்ட் ஸ்மித் அந்நாளிலேயே சொன்னதையும் வழிகாட்டி மறைக்கவில்லை. எந்த முடிவையும் திணிக்காமல் விட்டுவிடுகிறார்.

இவ்வளவு கவனமாக இருப்பவர், பால நினைவிடத்தில் நின்று பேசும்போது ஏன் முற்றிலும் வேறு மனிதராக மாறிவிடுகிறார் என்பதுதான் புரியவில்லை.

1967 டிசம்பர் 15 மாலை சுமார் ஐந்து மணிக்கு, கிறிஸ்துமஸ் நெரிசலில் வாகனங்கள் நிறைந்து நின்ற சில்வர் பாலம் ஒஹையோ ஆற்றில் சரிந்து விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. சுற்றுலாவில் இந்த விபத்து, அதற்கு முன்வந்த கனவுகளின் விடையாக மட்டுமே பேசப்படுகிறது. உள்ளூர் பத்திரிகையாளர் மேரி ஹைர், ஆற்றில் மனிதர்கள் மூழ்குவதையும் பரிசுப் பொட்டலங்கள் மிதப்பதையும் கனவில் கண்டார் என்ற செய்தியை வழிகாட்டி 'விபத்துக்கு முந்தைய இரவு' நடந்ததாகச் சொன்னார். அக்கனவை நாம் அறிவது, மாத்மேனைத் தேடி அங்கு வந்த எழுத்தாளர் ஜான் கீல் 1975இல் வெளியிட்ட நூலின் வழியாக. அதில் அக்கனவு நவம்பரில் வந்ததாக இருக்கிறது. சில வாரங்களை ஓர் இரவாகச் சுருக்கினால் கேட்பவருக்கு மயிர்க்கூச்செறியும்தான். ஆனால் மேரி ஹைர் ஓராண்டுக் காலம் ஊராரின் அச்சங்களையெல்லாம் நாள்தோறும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தவர் என்பதும், பண்டிகை நெருங்கும் நாளில் ஆற்றங்கரை ஊர்க்காரர் ஒருவரின் கனவில் ஆறும் பரிசுப் பொட்டலமும் வருவது அரிதன்று என்பதும் அந்தச் சுருக்கத்தில் காணாமற் போய்விடுகின்றன. கனவில் பாலம் இருந்ததா என்ற கேள்வியையும் கூட்டத்தில் எவரும் எழுப்பவில்லை; எழுப்ப இடமும் தரப்படவில்லை.

ஜான் கீலைப் பற்றிச் சொன்னவிதம் இன்னும் மோசம். அவருக்கு விபத்து முன்பே தெரிந்திருந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கீலே எழுதியிருப்பது அதுவன்று. டிசம்பர் 15 அன்று வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் கிறிஸ்துமஸ் மர விளக்கை ஏற்றும் நேரத்தில் நாடெங்கும் மின்சாரம் நின்றுபோகும் என்று அவருக்கு முன்னறிவிப்பு கிடைத்திருந்ததாம். அவர் நியூயார்க்கில் தொலைக்காட்சியின் முன் அதற்காகக் காத்திருந்தார். விளக்கு எரிந்தது, மின்சாரம் போகவில்லை, பிறகு பாலம் விழுந்த செய்தி வந்தது. என் கணிப்பில், இந்த மொத்தக் கதையிலும் மிக சுவாரசியமான இடம் இதுதான். முன்னறிவிப்பு பொய்த்த அதே மாலையில் வேறொரு பேரிழப்பு நேர்ந்ததால், பொய்த்தது மறைந்து நாள் மட்டும் பலித்ததாக நின்றுவிட்டது. இதை உள்ளபடி சொல்லியிருந்தால், தற்செயல் ஒன்று தீர்க்கதரிசனமாக மாறும் விதத்தையே கூட்டம் கண்ணெதிரே பார்த்திருக்கும்.

முதல் காட்சிக்கும் பால விபத்துக்கும் இடையே சரியாகப் பதின்மூன்று மாதங்கள் என்பதை வழிகாட்டி பலமுறை அழுத்திச் சொன்னார். நவம்பர் 15, டிசம்பர் 15 என்று கணக்கு ஒத்துப்போவது உண்மையே. ஆனால் அதே மாநிலத்தின் கிளென்டெனின் என்ற ஊரில் கல்லறைக் குழி தோண்டிக்கொண்டிருந்தவர்கள் நவம்பர் 12 அன்றே அதைக் கண்டதாகச் சொன்ன செய்தியையும் இதே வழிகாட்டி வேனில் வரும்போது பெருமையோடு சொல்லியிருந்தார். அதிலிருந்து எண்ணினால் பதின்மூன்று என்ற கணக்கு நிற்காது. 1777இல் இங்கே கொல்லப்பட்ட ஷானி பழங்குடித் தலைவர் கார்ன்ஸ்டாக்கின் சாபத்தையும் போகிற போக்கில் சேர்த்துக்கொண்டார்; இரண்டு நூற்றாண்டு வரலாற்றில் விழுந்தது, எரிந்தது, மூழ்கியது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் சாபத்தைப் பற்றி நான் என்ன எழுதுவது?

பாலம் விழுந்ததன் காரணத்துக்கோ ஒரே மூச்சுதான் கிடைத்தது. 1928இல் திறக்கப்பட்ட அப்பாலத்தைத் தாங்கியவை கம்பிவடங்கள் அல்ல. முனைகளில் துளையுள்ள எஃகுப் பட்டைகளை முளையால் கோத்த சங்கிலிகள். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே பட்டைகள். ஒன்று முறிந்தால் மற்றொன்றால் தாங்க முடியாது. ஒஹையோ பக்கத்தில் 330 எனக் குறிக்கப்பட்ட பட்டையின் துளையோரத்தில், அரிப்பாலும் இழுவிசையாலும் வளர்ந்த சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழ விரிசல்தான் அத்தனைக்கும் தொடக்கம். இணைப்பைப் பிரித்துப் பார்த்தாலன்றி அது கண்ணில் படாது. அந்த விபத்துக்குப் பிறகே நாடு முழுவதும் பாலங்களைக் குறித்த கால இடைவெளியில் ஆய்வு செய்யும் விதிமுறை வந்தது. நாற்பது ஆண்டுக் காலம் எவரும் பார்க்க முடியாத இடத்தில் வளர்ந்த விரிசல் என்பதைக் கேட்டபோது எனக்குத் தோன்றிய நடுக்கம், எந்தக் கனவுக் கதையிலும் தோன்றவில்லை. உருவம் எச்சரிக்க வந்தது என்ற விளக்கம் 1966இன் முதல் செய்தியில் இல்லை. பாலம் விழுந்த பிறகே அது வேர்விட்டது என்பதையும் அந்த நினைவிடத்திலேயே சொல்லியிருக்கலாம்.

ஒப்பிடுவதற்கு அதே காலத்தில் நடந்த ஒன்று இருக்கிறது. மாத்மேன் தோன்றியதற்குச் சில வாரங்கள் முன்பு, 1966 அக்டோபர் 21 அன்று, வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் சுரங்கக் கழிவுமேடு பள்ளிக்கூடத்தின் மீது சரிந்து, 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தார்கள். முன்பே கனவு கண்டவர்கள் இருந்தால் எழுதுமாறு ஜான் பார்க்கர் என்ற மனநல மருத்துவர் செய்தித்தாள் வழியே கேட்டார். 76 கடிதங்கள் வந்தன. விபத்துக்குப் பின் நினைவுக்கு வரும் கனவை நம்புவதிலுள்ள சிக்கல் தெரிந்ததால், 1967இல் லண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்ட் நாளிதழோடு சேர்ந்து, கனவுகளை நிகழ்வுக்கு முன்பே எழுதி அனுப்பச்செய்து பிறகு ஒப்பிடும் ஒரு பதிவகத்தை அவர் தொடங்கினார். பலித்தவை மிகச் சிலவே. பாயின்ட் பிளசன்ட்டில் அப்படியொரு பதிவேடு இல்லை. பலிக்காத கனவுகளை எவரும் எழுதிவைக்காத ஊரில் பலித்தவை மட்டும் மிஞ்சியிருப்பதில் வியப்பில்லை.

திரும்பும் வழியில் வேனில் பங்கேற்பாளர்களைத் தத்தம் கனவுகளைச் சொல்லச் சொல்கிறார்கள். ஓர் இளம்பெண், கட்டிலின் கால்மாட்டில் சிறகுள்ள நிழல் நின்றதாகவும் தம்மால் கையைக்கூட அசைக்க முடியவில்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். நம் ஊரில் அமுக்குவான் என்று சொல்வோமே, அதே அனுபவம். மூளை விழித்த பின்னும் கனவு உறக்கத்தின் தசைத் தளர்ச்சி சில கணங்கள் நீடிப்பதால் வருவது அது. அறையில் யாரோ நிற்பதாகத் தோன்றுவது அதில் சகஜம். இந்தச் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்தவர் வாரக்கணக்கில் மாத்மேனைப் பற்றியே படித்திருப்பார் என்பதால் அந்த நிழலுக்குச் சிறகு முளைத்ததில் வியப்பில்லை. அவர் உண்மையாகவே பயந்திருந்தார். 'உங்களை அது தேர்ந்தெடுத்திருக்கிறது' என்று வழிகாட்டி அவரிடம் சிரித்தபடி சொன்னதை நான் ரசிக்கவில்லை.

போக விரும்புவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். குவிமாட அறைகளுக்குச் செல்லும் பாதை மழைக்குப் பின் சேறாகிவிடும். நகரக் காலணிகள் உதவா. வேட்டைக்கு அனுமதி உள்ள காடு என்பதால், வேட்டைப் பருவத்தில் தனியாக உள்ளே நுழைவதைத் தவிர்த்து வழிகாட்டியோடு செல்வதே நல்லது. செப்டம்பர் மூன்றாம் வாரயிறுதியில் நடக்கும் மாத்மேன் திருவிழாவின்போது ஊர் நிரம்பி வழியும். அமைதியாகப் பார்க்க விரும்புவோர் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். இருட்டுக்கு அஞ்சும் சிறுவர்களை அறைக்குள் அழைத்துச்செல்ல வேண்டாம். பிரதிபலிப்பான் பகுதியை அவர்கள் மிகவும் விரும்புவார்கள்.

ஐந்துக்கு மூன்று புள்ளிகள் தருகிறேன், மூன்றும் டி.என்.டி. பகுதிக்கே. நினைவிடத்தைப் பகல் வெளிச்சத்தில், வழிகாட்டியின்றித் தனியாகப் பார்த்துவிட்டு மாலையில் இந்தச் சுற்றுலாவில் சேர்வதே நான் சொல்லும் வழி.