ஓசிடிக்கு மாத்திரை: நீண்டகாலப் பயன்பாட்டில் நான் கண்டவை

வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து, அவற்றைத் தணிக்க ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யத் தூண்டும் எண்ணச் சுழற்சி நோய்க்காக, அதாவது ஓசிடி என்று பரவலாக அறியப்படுவதற்காக, பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்துவருகிறேன். முதலில் செர்ட்ராலின், நடுவில் சில காலம் குளோமிபிரமின், பிறகு மீண்டும் செர்ட்ராலின். இந்த மருந்துகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பக்கவிளைவுகளிலேயே நின்றுவிடுகிறது. பலன் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் மருந்தின் அளவையும் அதற்குத் தரப்படும் காலத்தையும் பெரிதும் சார்ந்தவை என்பது என் அனுபவம்.

மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் 50 மில்லிகிராமிலேயே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. ஓசிடிக்கு அதே மருந்தைப் படிப்படியாக 200 மில்லிகிராம் வரை உயர்த்த வேண்டியிருக்கலாம். ஃப்ளூஆக்சிடின் என்றால் 60 அல்லது 80, ஃப்ளூவாக்சமைன் என்றால் 300 வரை. காலமும் அப்படித்தான். ஒரு மருந்து உதவுகிறதா இல்லையா என்று சொல்வதற்கு 8 முதல் 12 வாரங்கள் ஆகும்; அதிலும் கடைசிச் சில வாரங்களாவது உடல் தாங்கக்கூடிய உச்ச அளவில் இருந்திருக்க வேண்டும். முதல் மாதத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் குமட்டலும் அரைத் தூக்கமும் காரணமற்ற பதற்றமும்தான். இப்படித்தான் தொடங்கும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், "இது ஒத்துவரவில்லை, வேறு மாத்திரை கேள்" என்று வீட்டில் வற்புறுத்தியபோதும் என்னால் பொறுத்திருக்க முடிந்தது. நான்காவது வாரத்தில் கைவிடப்படும் மருந்துகளில் எத்தனையோ பத்தாவது வாரத்தில் பலன் தந்திருக்கக்கூடும் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பலன் வந்த விதமும் நான் எதிர்பார்த்தது அன்று. கை சுத்தமாகவில்லையோ, கதவைப் பூட்டவில்லையோ என்ற எண்ணங்கள் மறையவில்லை. அவை வந்தன, ஆனால் உடனே எழுந்து போய்ச் சரிபார்த்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி தளர்ந்தது. ஒவ்வொரு சந்திப்பிலும் மருத்துவர் ஓசிடியின் தீவிரத்தை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலின் பத்துக் கேள்விகளைக் கேட்டு, 40க்கு எத்தனை என்று குறித்துக்கொள்வார். இந்த மதிப்பெண் 35 விழுக்காடு குறைந்தாலே நல்ல பலன் என்று கொள்வது வழக்கம். அதாவது 28இல் இருந்தவர் 18க்கு வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள், ஆனால் 18 என்பது இன்னும் மிதமான நோய்நிலைதான். முழுக் குணத்தை எதிர்பார்ப்பவர், வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தையே தோல்வி என்று ஒதுக்கிவிடக்கூடும்.

செர்ட்ராலின் உச்ச அளவிலும் எனக்கு ஓரளவு பலனோடு நின்றுவிட்டதால் குளோமிபிரமினுக்கு மாறினோம். அமெரிக்காவில் ஓசிடிக்கென 1989இல் ஒப்புதல் பெற்ற பழைய மருந்து அது. ஃப்ளூஆக்சிடின், செர்ட்ராலின் போன்றவை ஓசிடி சிகிச்சைக்கு அதற்குப் பின்னால் வந்தவை. அவை இன்று முதலில் தரப்படுவதற்கு முக்கியக் காரணம், அவற்றை உடல் எளிதாகத் தாங்கிக்கொள்வதே. தொடங்குவதற்கு முன் எனக்கு ஈசிஜி எடுத்தார்கள். வலிப்பு வரும் வாய்ப்பு கூடும் என்பதால் நாளொன்றுக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னார்கள். மருந்து எனக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் வாய் வறட்சி, மலச்சிக்கல், வியர்வை, இவற்றோடு வேலை நேரத்திலும் விலகாத தூக்கக் கலக்கம் ஆகியவற்றுடன் நெடுங்காலம் வாழ முடியாது என்று தோன்றியதால், மருத்துவரின் மேற்பார்வையில் செர்ட்ராலினுக்கே திரும்பினேன்.

இம்முறை ஈஆர்பி என்னும் எதிர்கொள்ளல் பயிற்சியும் சேர்ந்தது. அச்சம் தரும் சூழலில் வேண்டுமென்றே நின்று, கை கழுவுதல், சரிபார்த்தல் போன்ற வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழகுவதுதான் அந்தப் பயிற்சி. ரிஸ்பெரிடோன் அல்லது அரிபிப்ரசோல் என்னும் வேறுவகை மனநல மருந்தைச் சிறிய அளவில் செர்ட்ராலினோடு சேர்க்கும் வழியையும் மருத்துவர் விளக்கினார். எனினும், முதல் மருந்தில் போதிய பலன் பெறாதவர்களுக்கு ரிஸ்பெரிடோனைவிட ஈஆர்பி கூடுதலாக உதவியது என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியதால், அதையே முதலில் முயன்றோம். மாத்திரைக்கு முன்பு என்னால் ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியாத பதற்றத்தை, மாத்திரையோடு தாங்கி உட்கார முடிந்தது. மருந்து எனக்குச் செய்த பேருதவி அதுதான் என்று நினைக்கிறேன்.

பாலுணர்வு மங்குவது பற்றி நாமாகச் சொன்னாலொழியப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தயங்காமல் சொல்லுங்கள், அளவை மாற்றவோ மருந்தையே மாற்றவோ வழி உண்டு. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களிலும் அளவு மாறும்போதும் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று உடனிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அப்படி ஏதும் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும்.

நல்ல பலன் கிடைத்த பிறகும் ஓரிரு ஆண்டுகளாவது தொடர்ந்து, அதன்பின் ஒன்று இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை 10 முதல் 25 விழுக்காடு வரை குறைப்பதே பொதுவான வழிகாட்டுதல். 200இலிருந்து 150க்கு நான் சிரமமின்றி இறங்கினேன். அதற்குக் கீழே போனபோது முதலில் தலைசுற்றலும், சில வாரங்களில் பழைய சரிபார்ப்புகளும் திரும்பின. மருத்துவர் மீண்டும் 150க்கே உயர்த்தினார். இப்போது அந்த அளவில்தான் இருக்கிறேன். அடுத்த ஓராண்டுக்கு அதைக் குறைக்கும் எண்ணம் எங்கள் இருவருக்குமே இல்லை.