கைகர் கருவியா, கணக்கு நிரலா?

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு மாதம் ஒருமுறை போய்வரும் காரைக்குடிக்காரர்கள் இரண்டு பேர் இதையே கேட்டார்கள்: பறக்கும்போது படும் காஸ்மிக் கதிர்வீச்சை, அதாவது விண்வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சை, கதிர்களை எண்ணிக் காட்டும் கையடக்கக் கைகர் கருவியால் அளப்பதா, அமெரிக்க விமானத் துறையின் காரி-7 என்ற கணினி நிரலில் கணக்கிடுவதா?

செலவு: கருவிக்குச் சில ஆயிரம் ரூபாய். காரி-7 இலவசம்.

துல்லியம்: இங்கேதான் விஷயமே. 35,000 அடியில் மேனியில் படும் கதிர்வீச்சில் கணிசமான பங்கு நியூட்ரான் என்ற மின்னூட்டமில்லாத நுண்துகளுடையது. கருவிக்குள் இருக்கும் சாதாரண கைகர் குழாய்க்கு நியூட்ரான் கிட்டத்தட்டத் தெரியாது. எண் ஏறுவதைப் பார்க்கலாம், ஆனால் அது குறைத்தே சொல்லும். காரி-7 நியூட்ரானையும் சேர்த்து, பூமியின் காந்தப்புலத்தையும் அந்தக் காலத்துச் சூரிய நிலையையும் பார்த்துக் கணக்கிடும். நம் பக்கம், காந்தப்புலம் கதிர்களை அதிகம் தடுக்கும் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் சிங்கப்பூர்ப் பயணத்தில் அளவு குறைவு. துருவத்தை ஒட்டிப் பறக்கும் அமெரிக்கப் பயணத்தில் கூடுதல்.

எளிமை: கருவியில் பொத்தானை அழுத்தினால் போதும். பாதுகாப்புச் சோதனையில் 'இது என்ன?' என்று கேட்பார்கள், அவ்வளவுதான். நிரலில் உயரம், நேரம் எல்லாம் தட்ட வேண்டும். அலுப்புதான்.

நீடித்து உழைப்பது: கருவியைக் கீழே போட்டால் குழாய் போச்சு.

வருடக் கணக்கு வேண்டுமென்றால் காரி-7. ஜன்னலோரம் உட்கார்ந்து எண் ஏறுவதைப் பார்க்கும் ஆசையென்றால் கருவி. ஊருக்கு வந்தால், இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உள்ள வீட்டுக் கருங்கல் தூணிலும் வைத்துப் பார்க்கலாம். என் ஓட்டு காரி-7க்கே.