கிரான்பெர்ரி: காய்ச்சிய சாஸா, பச்சை ரெலிஷா, டப்பா ஜெல்லியா?

அமெரிக்காவின் நன்றியறிதல் நாள் விருந்தில் வான்கோழிக்குத் துணையாகும் கிரான்பெர்ரி என்ற சிறு சிவப்புப் பழம், சர்க்கரையுடன் காய்ச்சிய சாஸாகவோ, ஆரஞ்சுடன் பச்சையாக அரைத்த ரெலிஷாகவோ, டப்பாவில் அடைத்த ஜெல்லியாகவோ பரிமாறப்படுகிறது. பழத்தின் கடும் புளிப்பையும் துவர்ப்பையும் இம்மூன்றும் எப்படிக் கையாள்கின்றன என்பதே என் அளவுகோல்.

காய்ச்சிய சாஸுக்கே என் முதலிடம். 340 கிராம் பழத்துக்கு ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர் என்பது பரவலான அளவு. கொதி வந்ததும் பழங்கள் எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போலப் படபடவென வெடிக்கத் தொடங்கும். அந்த ஓசைக்காகவே அடுப்பருகில் நிற்கலாம். தோலிலும் சதையிலும் உள்ள, சாஸை இறுக வைக்கும் பெக்டின் என்ற பொருள் கரைந்து, பத்து நிமிடத்தில் குழம்பு பளபளக்கும். ஆறும்போது அது மேலும் இறுகும் என்பதால், இன்னும் சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். சில பழங்கள் உடையாமல் எஞ்சினால்தான், கொழுப்புள்ள இறைச்சியோடு உண்ணும்போது இனிப்புக்கு நடுவே புளிப்பு திடீரெனத் தெறித்து நாவைத் துலக்கும்.

ரெலிஷுக்கு அடுப்பே வேண்டாம். விதை நீக்கிய ஆரஞ்சைத் தோலோடு சேர்த்துப் பழத்துடன் கொரகொரப்பாக அரைத்துச் சர்க்கரை கலந்து, ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் வைத்தால் போதும். மணத்தில் இதுவே முந்துகிறது. ஆனால் பச்சைப் பழத்தின் துவர்ப்பு குறையாததால், சூடான விருந்தைவிட மறுநாள் குளிர்ந்த வான்கோழி சாண்ட்விச்சுக்கே இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

டப்பா ஜெல்லி மார்கஸ் யூரன் என்ற மாசசூசெட்ஸ் வழக்கறிஞரோடு பிணைந்தது. 1912-இல் கிரான்பெர்ரி சாஸை டப்பாவில் அடைக்கத் தொடங்கிய அவர், பின்னர் 1930-இல் ஓஷன் ஸ்பிரே என்ற கிரான்பெர்ரி விவசாயிகளின் கூட்டுறவு உருவாவதிலும் முன்னின்றார். வயலில் நீர் நிரப்பி, உள்ளே காற்றறைகள் இருப்பதால் மிதக்கும் பழங்களை வாரி எடுக்கும் முறையில் கிடைக்கும் விளைச்சல் பெரும்பாலும் இத்தகைய பதப்படுத்தலுக்கே போகிறது. ஜெல்லி சீராகத் துண்டாகும், குழந்தைகளுக்கும் பிடிக்கும். ஆனால் தோலும் விதையும் வடிகட்டப்பட்டுவிடுவதால், கடிப்பதற்கு எதுவுமில்லை.

புதிய பழம் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் தாராளமாகக் கிடைக்கும். அப்போதே கூடுதலாக வாங்கி உறைய வைத்தால், பனி இளகக் காத்திராமல் அப்படியே பாத்திரத்தில் கொட்டிக் கோடையிலும் சாஸ் காய்ச்சலாம்.