அக்சஸில் தோல் லாட் கணக்கு: உள்ளேயே அடைப்பதா, தனி டேபிளா?

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஒன்றின் லாட் கணக்கு, அதாவது ஒரே தொகுப்பாக வரும் தோல்களின் கணக்கு, எக்செல் ஷீட்டுக்குள் அடங்காமல் போனால், மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் தாராளமாகப் போதும். ஆனால் ஒரு லாட்டுக்குள் வரும் பல விவரங்களை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குவார்கள்.

லாட் வரிசைக்குள்ளேயே அடைக்க அக்சஸே வழி தருகிறது: 2007 பதிப்பில் வந்த மல்டிவேல்யூட் ஃபீல்டு, அதாவது ஒரே கட்டத்தில் பல மதிப்புகளை வைக்கும் வசதி. நிறம் என்ற கட்டத்தைத் திறந்து கருப்பு, டான், பிரவுன் மூன்றையும் டிக் அடித்துவிடலாம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கருப்பில் எத்தனை சதுர அடி, டானில் எத்தனை என்று எழுத அதில் இடமே கிடையாது. தோலுக்குக் காசே சதுர அடியில்தான். உள்ளுக்குள் இந்த மதிப்புகளும் தனி டேபிளில்தான் உட்காருகின்றன. அதைத் திறந்து பார்க்க அக்சஸ் விடாது. ஒருமுறை சேமித்தபின் ஒற்றை மதிப்புக்குத் திருப்பவும் முடியாது. பின்னாளில் எஸ்க்யூஎல் சர்வர் என்ற பெரிய டேட்டாபேஸுக்கு மாற்றினால் மூன்று நிறமும் ஒரே எழுத்துத் தொடராக ஒட்டிக்கொண்டு வரும். வேண்டவே வேண்டாம்.

இரண்டு டேபிள் போடுங்கள். ‘லாட்’ டேபிளில் லாட் ஐடி (ஆட்டோநம்பர், அக்சஸே தானாகப் போடும் எண்), வரவுத் தேதி, வெட் புளூவா (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்) கிரஸ்ட்டா (உலர்த்திய, இறுதி மெருகு போடாத தோல்) என்பது. ‘பீஸ்’ டேபிளில் ஒவ்வொரு தோலுக்கும் ஒரு வரிசை: லாட் ஐடி, சதுர அடி, தரம், நிறம். இங்கே லாட் ஐடி நம்பர் வகை, சைஸ் லாங் இன்டிஜர். இதையும் ஆட்டோநம்பராக்கினால் அது தன் போக்கில் எண் போட்டுக்கொண்டு போகும், லாட்டோடு சேராது.

இன்னொன்றைக் கவனியுங்கள். டிசைன் வியூவில் நம்பர் கட்டம் போட்டால் அக்சஸ் தானாக டிஃபால்ட் 0 வைத்துவிடும். லாட்டைத் தேர்ந்தெடுக்க மறந்தால் 0 என்ற லாட்டைத் தேடி, தொடர்புடைய ரெக்கார்டு இல்லை என்று பிழை காட்டும். அந்த 0-ஐ அழியுங்கள். அழித்தால் மட்டும் போதாது, ‘ரிக்வயர்டு’ என்பதற்கு யெஸ் கொடுங்கள். இல்லையென்றால் லாட்டே இல்லாத பீஸ் சத்தமில்லாமல் உள்ளே போய், லாட்வாரி மொத்தத்தில் சதுர அடி குறையும்.

டேபிள்களை இணைக்கும் ரிலேஷன்ஷிப்ஸில் ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டியை (இல்லாத லாட்டின் ஐடியை பீஸில் எழுத விடாத காவல்) டிக் செய்வது கட்டாயம். மேல் ரெக்கார்டை நீக்கினால் அதோடு சேர்ந்தவற்றையும் நீக்கும் கேஸ்கேட் டிலீட், பில் டேபிள்களும் வைத்தால், பில்லுக்கும் பில் வரிகளுக்கும் இடையே மட்டும் இருக்கட்டும். லாட்டுக்குப் போட்டால், ஒரு லாட்டை நீக்கியதும் அதன் பீஸ் அத்தனையும் கூடவே போய்விடும். ரேட்டையும் பில் வரியிலேயே எழுதி வையுங்கள். ரேட் டேபிளிலிருந்து இழுத்துக் காட்டினால், ரேட் மாறிய அன்றே பழைய பில்லும் மாறிவிடும்.

வரிசைக்கு முன்னால் தெரியும் + குறி, அதாவது சப்டேட்டாஷீட், வெறும் பார்வைதான்; சேமிக்கும் முறை அல்ல. நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபைலில் டேபிள் திறக்கவே அது நேரம் எடுக்கும். டேபிள் ப்ராப்பர்ட்டியில் ‘சப்டேட்டாஷீட் நேம்’ ஆட்டோ என்றிருப்பதை ‘நன்’ ஆக்குங்கள். பதிவு போட லாட் ஃபார்முக்குள் பீஸ் டேபிளுக்கான சப்ஃபார்ம் வைத்து, லிங்க் மாஸ்டர், லிங்க் சைல்டு இரண்டிலும் லாட் ஐடி கொடுத்தால், எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும்.

அக்சஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஒரு ஃபைலுக்கு 2 ஜிபிதான் எல்லை. தோலின் படங்களை உள்ளே போடாமல் ஃபோல்டர் பாதையை மட்டும் எழுதினால் போதும்.