அம்பாசமுத்திரத்துல வாங்குன மரப்பம்பரம்: ரெண்டு மாசம் சுத்துன பிறகு எழுதுறேன்

மொதல்ல எதுக்கு வாங்குனேன்னு சொல்லிடுறேன். பெரியவளுக்கு நாலாங்கிளாஸ்லயே கிட்டப்பார்வைக்கு கண்ணாடி போட்டாச்சு. செக்கப்புக்கு போனப்ப டாக்டர் சின்னவனையும் பாத்துட்டு இவனுக்கு இன்னும் ஒண்ணும் இல்ல, ஆனா தினம் ரெண்டு மணி நேரம் வெளிய வெளிச்சத்துல விடுங்கம்மான்னாங்க. வீட்ல எவ்ளோ லைட் போட்டாலும் சில நூறு லக்ஸ்தானாம் (வெளிச்சத்த அளக்குற அலகு), வெளிய மரத்து நிழல்ல நின்னாலே பல ஆயிரம் வருதாம், அந்த வெளிச்சம் பட்டா விழித்திரையில டோபமைன்ங்கிற ரசாயனம் சுரந்து கண்ணு உருண்டை நீளமா வளராம, அதாவது கிட்டப்பார்வை வராம, பாத்துக்கும்னு சொல்றாங்களாம். கண்ணாடி வந்த பிறகு இதால பெருசா குறையாது, வராம தள்ளிப்போடத்தான் ரொம்ப உதவும்னாங்க. வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா தைவான்ல 2010லேருந்தே ஸ்கூல்ல புள்ளைங்கள தினம் 120 நிமிஷம் வெளிய அனுப்புறதுன்னு திட்டமே போட்டு, அதுவரைக்கும் ஏறிட்டே இருந்த கிட்டப்பார்வை கணக்கு இறங்க ஆரம்பிச்சிருக்கு.

சரி வெளிய போடான்னா போவானா? "வெளிய போய் என்னம்மா பண்றது"ன்னு கேட்டான் பாருங்க, எனக்கு பதில் இல்ல. எட்டு வயசு.

அதுக்கப்புறம்தான் பம்பரம் ஐடியா. மொதல்ல ஆன்லைன்ல ரெண்டு பிளாஸ்டிக் பம்பரம் 249 ரூபாக்கு வாங்குனேன், தண்டம். நைலான் கயிறு வழுக்கிட்டு கழண்டு விழுது, சுத்தவே முடியல, ஒண்ணுல ஆணி மூணாவது நாளே உள்ள போயிடுச்சு. ரிட்டர்ன் போடலாம்னா விளையாட்டு சாமானுக்கு ரிட்டர்ன் இல்லயாம். விடுங்க.

லீவுக்கு அம்பாசமுத்திரம் போனப்ப அப்பாதான் கடைசல் பட்டறைக்கு கூட்டிட்டு போனாங்க. சொப்பு சாமானுக்கு பேர் போன ஊருன்னு உங்களுக்கே தெரியும். அங்க ஒரு அண்ணாச்சி பம்பரம் கடைஞ்சு வச்சிருந்தாரு, ஒண்ணு 60 ரூபா, சாட்டை (பம்பரத்துல சுத்துற கயிறு) தனியா 15. எனக்கு புடிச்சது என்னன்னா அவர் ஆணி அடிச்ச விதம். தலையில்லாத ஆணிய அடிச்சு, சுத்தவிட்டு, அப்படியே உள்ளங்கையில ஏத்தி கண்ண மூடிட்டு நின்னாரு, கை குறுகுறுன்னா நடு சரியா இருக்குன்னு அர்த்தம், அறுத்துச்சுன்னா ஆணி சாஞ்சிருக்குன்னு அர்த்தம். மொத பம்பரம் அறுத்துச்சு போல, லேசா ரெண்டு தட்டு தட்டி மறுபடி கையில ஏத்திப் பாத்துட்டுத்தான் குடுத்தாரு. எந்த ஆப்புல வாங்குனா இத செய்வாங்க?

சாட்டை பருத்தி நூல்ல முறுக்குனது, நுனியில சோடா மூடி. லேசா ஈரம் பண்ணி சுத்துனா கெட்டியா புடிக்குது. ஆனா கத்துக்கறதுக்கு பொறுமை வேணும், மொத நாலு நாள் ஒண்ணுமே சுத்தல, பய அழுதே புட்டான். அப்பாதான் பக்கத்துல உக்காந்து "ஏல மக்கா, வீசுறது பாதிதாம்ல, வெடுக்குனு பின்னால இழு, அதுதான் மீதி"ன்னு சொல்லி சொல்லி, அஞ்சாவது நாள் சாயங்காலம் கெணத்தடியில திடீர்னு நின்னு சுத்துச்சு, ரெண்டு பேரும் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு ஆச்சி வெளிய வந்துட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். மதுரைக்கு வந்து பிளாட்டுக்குள்ள விட்டா டைல்ஸ்ல ஆணி நிக்கவே மாட்டேங்குது, வழுக்கிட்டு சோபாவுக்கு அடியில போயிடுது, தரையும் கீறுது. பால்கனியில சாட்டை வீச எடம் இல்ல. பம்பரத்துக்கு மண்ணுதரை வேணும், கை வீச எடம் வேணும், அபிட் எடுக்க, அதாவது சுத்துற பம்பரத்த சாட்டையால தூக்கி யாரு மொதல்ல கையில புடிக்கிறதுன்னு போட்டி போட, எதிர்ல இன்னொருத்தன் வேணும். இந்த மூணும் வீட்டுக்குள்ள கெடைக்காது! பந்து, சைக்கிள்னு எவ்ளோ வாங்கி குடுத்தேன், எல்லாம் ஹால்லயே ஓடுச்சு, இது மட்டும்தான் அவனை தானா படி இறங்க வச்சுது, நான் ஒரு வார்த்த சொல்லல.

கார் பார்க்கிங் பின்னாடி கொஞ்சம் மண்ணு கெடக்கு, அங்கதான் வட்டம் போட்டு ஆடுறாங்க. மொதல்ல இவன் ஒருத்தன், இப்ப அஞ்சு பேரு, ஒரே பம்பரத்துக்கு அடிதடி. வட்டத்துக்குள்ள மாட்டுன பம்பரத்த மத்தவங்க குத்துவாங்கள்ல, அதனால பிளாஸ்டிக் பம்பரம் ரெண்டும் இப்ப பலியாடு, மரத்துக்கு ஒண்ணும் ஆகல, ரெண்டு ஆக்கர் (அடுத்த பம்பரத்து ஆணி குத்துன பள்ளம்) விழுந்துருக்கு, அத பெருமையா எல்லார்கிட்டயும் காட்டுறான்.

குறை இல்லாம இல்ல. மூணு வாரத்துல ஆணி ஆட ஆரம்பிச்சுடுச்சு, துணிக்கிழிசல் வச்சு நானே அடிச்சு இறுக்குனேன், அதோட அந்த கையில குறுகுறுக்குறது கொஞ்சம் போச்சு. அரக்குச் சாயம் மண்ணுல தேஞ்சு பாதி வெளுத்துப்போச்சு. கூர் ஆணி, அதனால ஆறு வயசுக்கு கீழ குடுக்காதீங்க, செருப்பு போட்டுத்தான் ஆடணும், சுத்தி நிக்கிற குட்டிப்புள்ளைங்கள தள்ளி நிக்க சொல்லணும், ஒருநாள் பம்பரம் பறந்து போய் ஒரு ஸ்கூட்டர் சைடுல கீறிடுச்சு, அந்த சார்கிட்ட நான்தான் போய் சாரி கேட்டேன்.

ரேட்டிங்னா அஞ்சுக்கு நாலு. ஆணிக்கு ஒண்ணு கொறச்சுட்டேன்.

இன்னொண்ணு, நான் சின்னப்புள்ளயா இருக்கும்போது பம்பரம் தம்பிக்கு மட்டுந்தான், எனக்கு பல்லாங்குழி, பாண்டி. பெரியவ இத கேட்டுட்டு ஒரு பார்வ பாத்தா, மறுநாள்லேருந்து அவளும் கீழ எறங்கிட்டா, தம்பிய விட நல்லாவே அபிட் எடுக்குறா. அப்பா அடுத்த வாரம் வராங்க, ஆறு பம்பரம் வாங்கிட்டு வர சொல்லியிருக்கேன். அஞ்சு போதுமேன்னாங்க, ஒண்ணு எனக்குப்பான்னேன்.